முதற்பரிசுக்காரியின் முறைப்பாடு

ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், இரண்டுக்கும் நடுவே தமிழ் என்று வீற்றிருக்கும் இந்தக் கல்லடி மண்டபத்தில், விழாவுக்குத் தலைமை தாங்கி, நான் எத்தனை நிமிடம் எடுக்கப்போகிறேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற அதிபர், பெருமதிப்பிற்குரிய நல்லரத்தினம் ஐயா அவர்களே! வந்த கதைகளையெல்லாம் கண்ணால் படித்து, கருத்தால் நிறுத்து, கடைசியில் எனக்கே முதற்பரிசு என்று தீர்ப்பெழுதிய நடுவர் பெருமக்களே! கேட்பாரில்லாத காலத்திலும் போட்டி வைத்து எங்களைக் கெடுத்த வாவி இலக்கிய வட்டத்தாரே! முன்வரிசையை முழுதாய்ப் பிடித்திருக்கும் மூத்தோர்களே! பிள்ளையை மடியிலும், பையைத் தோளிலும், பொறுமையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! ஏறாவூரிலிருந்து பாலம் கடந்தும், காத்தான்குடியிலிருந்து பாலம் கடக்காமலும் வந்து சேர்ந்த சகோதர சகோதரிகளே! பேச்சு நன்றாயிருந்தால் உள்ளே வருவோம் என்று பின்வாசலில் நின்று யோசிக்கும் இளைஞர்களே! உங்கள் எல்லோருக்கும், செங்கலடித் தபாற்கந்தோரில் முத்திரை குத்தும் கேதீஸ்வரியின் வணக்கம், ஸலாம்.

முதற்பரிசு பெற்றவர் ஏற்புரையில் நன்றி சொல்வது வழக்கம். நான் நன்றி சொல்ல வரவில்லை. முறைப்பாடு சொல்ல வந்திருக்கிறேன்.

என் முறைப்பாடு இதுதான். என்னுடைய இரண்டாம் பரிசைக் காணவில்லை. அது எனக்குத் திரும்ப வேண்டும்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். இந்த மாவட்டத்தில் இரண்டாம் பரிசு என்றால் கேதீஸ்வரி, கேதீஸ்வரி என்றால் இரண்டாம் பரிசு என்று ஒரு காலம் இருந்தது. என் வீட்டு அலுமாரியில் இருக்கும் கிண்ணங்களைப் பார்த்தால் தெரியும். சிறுகதையா, இரண்டாமிடம். கவிதையா, இரண்டாமிடம். ஒருமுறை வானொலி நாடகம் எழுதிப் பார்த்தேன், அதிலும் இரண்டாமிடம். எனக்கு முன்னால் எப்போதும் ஒருத்தி நின்றாள். அவளுடைய முதுகைப் பார்த்தபடி நடந்துதான் நான் எழுதப் பழகினேன்.

அவள் பெயர் ஸகியா. ஊர் காத்தான்குடி.

நான் அவளை முதன்முதலாகப் பார்த்த நாளைச் சொல்கிறேன். போர் உச்சத்தில் இருந்த காலம். பட்டினத்தில் ஒரு பரிசளிப்பு. போட்டி விதி உங்களுக்குத் தெரியும், கதைத்தாளில் சொந்தப் பெயர் இருக்கக் கூடாது, புனைபெயர்தான். பரிசளிப்பிலும் முதலில் புனைபெயரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடும் ஒழுங்கும் தெரியும். முதலில் ஆறுதல் பரிசு, பிறகு மூன்றாவது, பிறகு இரண்டாவது, முதற்பரிசு கடைசியில். ஆகவே இரண்டாம் பரிசுக்காரிக்கு ஒரு தனி உரிமை உண்டு. அவள் மேடையில் தன் கிண்ணத்தோடு நின்றுகொண்டு, தன்னை வென்றவர் படியேறி வருவதை நேருக்கு நேராய்ப் பார்க்கலாம்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "முதற்பரிசு, கடலோடி!" என்று கூப்பிட்டார்கள். சபை முழுவதும் ஆண்கள் பக்கம் திரும்பியது. நடுவரும் அந்தப் பக்கமே பார்த்தார். கடலையும் வலையையும் அப்படி எழுதிய ஆள் ஒரு மீனவராகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் எண்ணம். பெண்கள் பக்கத்திலிருந்து முக்காட்டை இழுத்துவிட்டபடி ஒரு சின்ன உருவம் எழும்பி வந்தது. ஐயா ஒருவர், "தங்கச்சி, உங்கட வாப்பாவுக்காகப் பரிசு வாங்க வந்தீங்களா?" என்று கேட்டார். "இல்ல சேர், வாப்பாக்கு எழுத நேரமில்ல. அவரு கடலுக்குப் போறவரு" என்றாள். அரங்கம் அதிர்ந்தது.

படம் எடுப்பதற்காக எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். சிரித்த முகம் மாறாமல் அவள் என் காதருகே சொன்னாள்: "உன்ட கத நல்லம்கா. ஒரு பக்கம் கூடிப்போச்சு."

யார் நீ, எந்த ஊர், எந்தப் பிள்ளை என்று கேட்கவில்லை. ஒரு பக்கம் கூடிப்போச்சு என்றாள்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் படம் இன்னும் இருக்கிறது. அதில் நான் முறைத்துக்கொண்டு நிற்கிறேன். வீட்டுக்குப் போய்க் கதையை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். கதை முடிந்த பிறகும் நான் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத் தொடங்கியது எங்கள் விளையாட்டு. ஆம், விளையாட்டுத்தான். எங்கே போட்டி என்று அறிவித்தல் வந்தாலும் இரண்டு பேரும் எழுத வேண்டும். எழுதும்போது ஒருத்திக்கொருத்தி மூச்சுக் காட்டக் கூடாது. முடிவு வந்த பிறகு, வென்றவள் தோற்றவளுக்கு எங்கே சறுக்கியது என்று சொல்ல வேண்டும். தோற்றவள் வென்றவளுக்கு வீட்டுப் பலகாரம் கொண்டுபோக வேண்டும். நான் தோற்றேன், எள்ளுப்பாகு பிடித்தேன். மறுபடி தோற்றேன், மறுபடி எள்ளுப்பாகு பிடித்தேன். ஸகியாவின் வட்டிலப்பத்துக்குக் காத்தான்குடியில் தனிப் பெயர். நான் வென்றால் மட்டும்தான் அது எனக்குக் கிடைக்கும். இன்றுவரை அதன் வாசம்கூட எனக்குத் தெரியாது!

தாய்மார்களே, அது என்ன காலம் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதை பூட்டும் காலம். செத்தவர் பட்டியல் வாசிக்கும் காலம். ஒரு வீதியின் இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கம் போகப் பயந்த காலம். தமிழர் ஊரிலும் சாவு, முஸ்லிம் ஊரிலும் சாவு, இரண்டு ஊருக்கும் நடுவே சந்தேகம். அந்தக் காலத்தில், எள்ளுப்பாகுப் பொட்டலத்தோடு நான் காத்தான்குடிக்கு பஸ் ஏறினேன். "உனக்கென்ன விசரா?" என்று அம்மா கேட்டா. "தோத்தா போகத்தானே வேணும்" என்றேன்.

ஒருநாள் சோதனைச்சாவடியில் என் கைப்பையைக் கிளறினார்கள். உள்ளே போட்டிக்குப் போகிற கதை. அந்த ஆமிக்காரர் தாள்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தார், தலைகீழாயும் பார்த்தார். அரைகுறைத் தமிழில் கேட்டார், "இது என்ன?" "கதை." "யார் எழுதச் சொன்னது?"

எனக்குப் பயம். அந்தக் காலத்தில் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் ஆபத்து. உண்மையைச் சொன்னேன். "யாரும் சொல்லேல்ல."

அன்பர்களே, அந்தப் பதிலை அதற்குப் பிறகு நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். யார் எழுதச் சொன்னது? யாரும் சொல்லவில்லை! யார் கேட்டது இந்தக் கதையை? யாரும் கேட்கவில்லை! எது செய்தாலும் யாரோ ஒருவரின் உத்தரவு வேண்டியிருந்த ஒரு மண்ணில், யாருடைய உத்தரவும் இல்லாமல் நாங்கள் செய்த ஒரே காரியம் இதுதான். நிற்கச் சொன்னார்கள், நின்றோம். இறங்கச் சொன்னார்கள், இறங்கினோம். ஓடச் சொன்னார்கள், ஓடினோம். எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எழுதினோம்! அந்த மகிழ்ச்சிக்கு ஒரு கிண்ணமும் ஒரு சான்றிதழும் ஈடாகுமா? ஆகாது. ஆனாலும் கிண்ணம் வேண்டும். கிண்ணம் இல்லாவிட்டால் ஸகியாவை எதை வைத்து வெல்வது?

ஐயா துண்டுத்தாள் அனுப்பியிருக்கிறார். "சுருக்கவும்." ஐயா, தொடக்கத்திலிருந்தே எல்லோரும் எனக்கு அதைத்தான் சொல்கிறார்கள். இன்னும் கொஞ்சம்தான்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, மார்கழி. ஒரு சிறுகதைப் போட்டி, முடிவுத் திகதி மாதக் கடைசி. நான் முந்திக்கொண்டு அனுப்பிவிட்டேன். அவள் எப்போதும் கடைசி நாள்வரை திருத்துவாள். நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், ஞாயிறு காலை, கடற்கரைப் பக்கமிருந்த தன் வீட்டில் அவள் கதையை நல்ல பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் அகீலா, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த பிள்ளை, மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "உம்மா, கத முடிஞ்சா?" என்று கேட்டாள். "இன்னும் கொஞ்சம் மகள், வெளிய போய் விளையாடு" என்றாள் ஸகியா.

அந்தக் காலை எந்தக் காலை என்று இந்தக் கல்லடியில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? இங்கே இருக்கிற தாய்மாரில் எத்தனை பேர் அந்த ஞாயிற்றில் பிள்ளையைத் தேடி ஓடினீர்கள்? எத்தனை பேருடைய பிள்ளை திரும்பி வந்தது?

அகீலா வரவில்லை.

இதை நான் சபையில் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டுத்தான் வந்திருக்கிறேன். "சொல்லுகா. ஆனா என்ன மேடைக்குக் கூப்பிடக் கூடா" என்றாள். சத்தியம் செய்துகொடுத்தேன். ஆம், அவள் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். திரும்பிப் பார்க்காதீர்கள். பார்க்காதீர்கள் என்று சொல்கிறேன், எல்லோரும் திரும்பிவிட்டீர்களே! தயவுசெய்து என்னைப் பாருங்கள். நன்றி.

சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடத்து முகாமில் அவளைக் கண்டுபிடித்தேன். எள்ளுப்பாகு கொண்டுபோகவில்லை, கையை வீசிக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்தேன். அவள் தன் வலது கையை விரித்து எனக்குக் காட்டினாள். "இந்தக் கையில பேனை இரிந்திச்சு கேதீஸ். புள்ளட கை இரிந்திரிக்கணும்" என்றாள்.

அதில் உன் பிழை ஒன்றுமில்லை என்று எத்தனை பேர் அவளுக்குச் சொல்லியிருப்பார்கள்! அவள் பேனையைத் தொடவில்லை. எழுதவில்லை, கதை படிக்கவுமில்லை. தையல் தைக்கிறாள். நான் போனால் தேநீர் தருவாள், அம்மாவைச் சுகம் கேட்பாள், மழையைப் பற்றிக் கதைப்பாள். கதை என்ற பேச்சை எடுத்தால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள்.

அந்த மார்கழிப் போட்டியின் முடிவு பல மாதம் கழித்து வந்தது. முதற்பரிசு எனக்கு. என் வாழ்க்கையின் முதல் முதற்பரிசு! கடைசியாகக் கூப்பிட்டார்கள், படியேறினேன். எனக்கு முன்னால் மேடையில் நின்ற இரண்டாம் பரிசுக்காரர் என்னைப் பார்க்கவுமில்லை, வாயிலை நோக்கி நின்றார், அவருக்கு பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எங்கே சறுக்கியது என்று சொல்ல ஒருவருமில்லை.

அதற்குப் பிறகு ஆண்டுதோறும் முதற்பரிசு. நான் திருந்திவிட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. ஸகியா எழுதவில்லை, அவ்வளவுதான். ஓட்டப்பந்தயத்தில் முன்னுக்கு ஓடியவள் நின்றுவிட்டாள், பின்னால் ஓடியவளுக்குப் பதக்கம் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள்!

கடந்த ஆண்டு போர் முடிந்தது. பாதைகள் திறந்தன. கடைசிச் சண்டை நடந்த வன்னியிலிருந்த என் தம்பி பிரதீஸ் கடைசியாகத் தொலைபேசியில் பேசியது அந்த மாசி மாதத்தில். "அம்மாக்குச் சொல்லுங்கக்கா, நான் சுகம்" என்றான். அதற்குப் பிறகு குரல் இல்லை. முகாம் முகாமாய்ப் போனேன், படத்தைக் காட்டினேன், கந்தோர் வாசல்களில் நின்றேன். இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. அந்தப் பாரத்தோடுதான் இந்தக் கதையை எழுதினேன்.

கதையை நடுவர்கள் சொல்லிவிட்டார்கள். செங்கலடியில் ஒரு தாய், தினமும் மதியம் மீன்குழம்பில் ஒரு தலைத்துண்டை வராத மகனுக்காக எடுத்து வைக்கிறாள். ஒருநாள் மதியம் அந்தத் துண்டைத் தன் சோற்றுக் கோப்பையில் போட்டுத் தானே தின்கிறாள். பிறகு, சந்தியில் பஸ் ஒன்று நிற்கிறது. கையில் பையோடு ஒருவன் இறங்குகிறான். கதை அங்கே முடிகிறது. அந்த முடிவை நடுவர்கள் வானளாவப் புகழ்ந்தார்கள், நம்பிக்கையின் விடிவெள்ளி என்றார்கள். நன்றி. கைதட்டினீர்கள். நன்றி. ஆனால்...

ஆனால்...

மன்னிக்க வேண்டும். எங்கே விட்டேன்? ஒரு கணம் தடுமாறிவிட்டேன்.

பரிசுக்கதைகள் அச்சிட்ட விழா மலரை வாசலில் எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஸகியாவும் வாங்கினாள். வாங்கி, மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அதன்மேல் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தாள். இவ்வளவு நேரமும் அப்படித்தான் இருந்தாள். இப்போது அந்த மலர் நிமிர்ந்து கிடக்கிறது. திறந்திருக்கிறது.

மின்விசிறிக் காற்றாயிருக்கலாம். அந்தப் பக்கத்து விசிறி வேகமாய்த்தான் சுற்றுகிறது.

ஐயா, இரண்டாவது துண்டும் வந்துவிட்டது, பார்த்தேன். "போதும்" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறீர்கள். உங்கள் பிள்ளையாய்க் கேட்கிறேன், இன்னும் சற்று நேரம் தாருங்கள். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள். நிறுத்தினால் எல்லோரும் எழும்புவீர்கள், கதிரை இழுபடும், வெளிச்சம் மறையும். யாரும் எழும்ப வேண்டாம். என் கதை எட்டுப் பக்கம். நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

தங்கைமாரே, தம்பிமாரே! எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுகிறேன். போட்டிக்கு எழுதுங்கள்! தோற்பதற்காக எழுதுங்கள்! இன்றைக்கு இரண்டாம் பரிசு வாங்கிய வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாக மாணவி தக்ஷாயினி, நான் படியேறியபோது என்னை முறைத்துப் பார்த்தாள். பார்த்தேன் பிள்ளை, பார்த்தேன்! அந்த முறைப்பை விட்டுவிடாதே. என் கதையில் எங்கே ஓட்டை என்று தேடு. நம்மை வெல்ல நினைக்கும் ஒருவர் நம் எழுத்தைப் படிப்பதுபோல் நம்மை நேசிக்கிறவர்கள்கூடப் படிப்பதில்லை. அம்மா என் கதையைப் படித்து அழுதா. மாமா படித்துப் பாராட்டினார். ஒரு பக்கம் கூடிப்போச்சு என்று சொல்ல ஸகியா வேண்டும்! துவக்கும் குண்டும் வைத்திருந்தவர்கள் நமக்கு எதிரிகளைத் தந்தார்கள். எனக்கு ஓர் எதிராளி போதும். என்னை வெல்ல வேண்டும், நான் சாகக் கூடாது என்று நினைக்கிற எதிராளி. தோற்றால் பலகாரம், வென்றால் புத்திமதி, இரண்டுக்கும் நடுவே ஒரு பஸ் பயணம். அதற்காக ஏங்குகிறேன் ஐயா. வேறு எதற்கும் இல்லை. அவள் எழுத வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை, அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். அவள் எழுதாமலே இருக்கட்டும். என்னைத் திட்டட்டும். ஒரே ஒருமுறை...

காற்றில்லை. அது காற்றில்லை. விரல் தொட்டுத்தான் தாள் திரும்புகிறது.

சபையோரே, நான் என்ன பேசுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் பொறுமையாய் இருக்கிறீர்கள். யாரோ ஓர் அம்மா கண்ணைத் துடைக்கிறா. துடைக்க வேண்டாம் அம்மா, இது நல்ல நேரம். யாரோ பக்கத்திலிருப்பவரிடம் பேனை இரவல் கேட்கிறார்கள். கொடுங்கள். கொடுங்கள் என்று சொல்கிறேன்!

இன்னொரு துண்டு வருகிறது. ஐயா, இது உங்களுடையதா? இல்லையா? கை மாறிக் கை மாறி மூன்றாம் வரிசையிலிருந்து வருகிறது. மலரின் ஓரத்தைக் கிழித்து எழுதியிருக்கிறது. இந்த எழுத்தை எனக்குத் தெரியும். எத்தனை வருடம்...

பொறுங்கள். வாசிக்கிறேன். எனக்கு வந்ததுதான், ஆனால் உங்களுக்கும் கேட்கட்டும்.

"கத ஆறாம் பக்கத்திலயே முடிஞ்சிட்டுகா. புறகும் ஏன் கதைச்சிக்கிட்டு இரிக்காய்? இதுக்கெல்லாம் வட்டிலப்பம் இல்ல. இறங்கி வா."

ஆறாம் பக்கம். அம்மா மீன்துண்டைத் தானே தின்ற பக்கம்.

நடுவர் பெருமக்களே, உங்கள் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அவள் சொல்வதுதான் சரி. அந்த பஸ்ஸை நான்தான் நிறுத்தினேன். அந்தப் பையனை நான்தான் இறக்கினேன். அது கதையில்லை, என் ஆசை. எல்லோரும் அதற்குத்தான் கைதட்டினீர்கள், என்மேலுள்ள அன்பினால் தட்டினீர்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவள் ஒருத்திதான் என்னிடம், அது வேண்டாம் கேதீஸ், ஆறாம் பக்கத்தில் நிறுத்து என்று சொல்லத் துணிந்தாள். என்னால் நிறுத்த முடியுமா என்று தெரியவில்லை ஸகியா. தம்பி விஷயத்தில் என்னால் இன்னும் முடியவில்லை. முயன்று பார்க்கிறேன்.

அவள் திரும்ப எழுதுவாள் என்று நான் சொல்லவில்லை. இந்தத் தாள்துண்டை மட்டும் உங்களுக்குக் காட்டுகிறேன். இதோ.

ஸகியா, நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். உன்னை மேடைக்குக் கூப்பிடவில்லை. அந்த வருடமெல்லாம் நீ படியேறி வந்தாய், நான் மேலே நின்று பார்த்தேன். இன்றைக்கு நீ இருந்த இடத்திலேயே இரு.

தலைவர் அவர்களே, பொறுத்தமைக்கு நன்றி. நடுவர்களுக்கும், வட்டத்தாருக்கும், எழும்பாமல் இருந்த என் தாய்மாருக்கும், பேனை இரவல் கொடுத்த அந்தப் புண்ணியவதிக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. என் முறைப்பாட்டை மீளப் பெற்றுக்கொள்கிறேன். காணாமற்போன இரண்டாம் பரிசு கிடைத்துவிட்டது.

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். இந்தா, இறங்கி வாறன்கா.